தட்டான் இறங்க ஒரு திடல்

சாயங்காலத்தில் மலாக்காவில் செங் பக்கம் காரில் போய் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அங்கே கார் ஓட்டுவது என்றால் காருக்குள் உட்கார்ந்திருப்பது என்று அர்த்தம். ஃபாக்டரி விடுகிற நேரம். முன்னால் பஸ், பின்னால் லோரி, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். போன மாதம் ஒருநாள் நானும் என் மாப்பிள்ளையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். பின்னால் எங்கேயோ ஓர் ஆம்புலன்ஸ் அழ ஆரம்பித்தது. நகரவும் இல்லை, அழுகையை நிறுத்தவும் இல்லை.

"பாவம்லா மாமா, உள்ள யாரோ என்னமோ" என்றார் மாப்பிள்ளை. "இதுக்கெல்லாம் ஹெலிகாப்டர் விடணும். மேலயே வந்து மேலயே போயிடும். ஜாமாவது மண்ணாவது!"

"எங்க எறக்குவீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடி வழியாகச் சுற்றிலும் பார்த்தார். மேம்பாலம், மின்சாரக் கம்பி, விளம்பரப் பலகை, கார்களின் முதுகு. "அத யோசிக்கல மாமா" என்றார்.

நானும் யோசித்திருக்க மாட்டேன். ஆனால் எங்கே இறக்குவது, எப்படி இறக்குவது என்று ஒரு தோட்டமே சேர்ந்து காலையிலிருந்து மண்டையைக் குழப்பிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தவன். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது என் சொந்த அண்ணன்.

ஐம்பதுகளின் தொடக்கம், மலாயாவில் அவசரகாலம். எங்கள் ரப்பர் தோட்டம் மலாக்காவில் ஜாசினைத் தாண்டி உள்ளே, ஜொகூர் எல்லையை ஒட்டி இருந்தது. துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை நாங்கள் காட்டுக்காரர்கள் என்று சொல்லுவோம். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். ஒரு பிடி சோற்றை இலையில் மடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினாலே பிடித்துக்கொள்வார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா சொல்லும்: "நம்மள யாருகிட்டேருந்து காப்பாத்தறாங்கன்னு தெரியல, ஆனா நல்லா காப்பாத்தறாங்கடா."

அண்ணன் பால் வெட்டுகிறவர். அண்ணியும் அவரோடுதான் வெட்டுவார், பக்கத்துப் பக்கத்து மரங்கள். நான் ஸ்டோரில் வேலை பார்த்தேன். உறைந்த பாலை மிஷினில் கொடுத்து ஷீட்டாக உருட்டி, புகை வீட்டுக்கு அனுப்புகிற வேலை. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அண்ணன்தான் எங்கள் தோட்டத்துக் கோல்கீப்பர். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களே அவரைப் பற்றி, "அந்தாளு நின்னா கோலுக்குக் கதவு போட்ட மாதிரி" என்று சொல்லுவார்கள்.

அந்தக் கதவு அன்று காலை பெரட்டுக்கு வரவில்லை. பெரட்டு என்றால் விடியற்காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது. நான் வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். அண்ணன் முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு கிடந்தார். தோட்டத்து மருந்துக்கொட்டகையைப் பார்த்துக்கொண்ட டிரெசர் வந்து வலது பக்க அடிவயிற்றை அமுக்கினார். அமுக்கும்போது ஒன்றும் சொல்லாத அண்ணன், கையை எடுத்ததும் கத்திவிட்டார்.

டிரெசர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "குடல்வால் வீங்கியிருக்குப்பா. வெட்டி எடுக்கணும். அது எங்கிட்ட இல்ல, மலாக்கா பெரியாஸ்பத்திரியிலதான். இன்னிக்குள்ள போகணும். உள்ளயே வெடிச்சிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

போவதற்கு ரோடு இல்லை. முதல் நாள் இரவு காட்டுக்காரர்கள் மரப்பாலத்தைக் கொளுத்திவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். போன லோரி திரும்பி வந்துவிட்டது. நாங்கள் நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரப்பர் காட்டு வழியாகப் போகிறோம் என்றோம். "நீங்க கூட்டமா காட்டுக்குள்ள நடந்தா, மொதல்ல பட்டாளத்தான் சுடுவானா, காட்டுக்காரன் சுடுவானான்னு தெரியாது" என்றார் டிரெசர். "அதோட, குலுங்குனா வயிறு தாங்காது."

துரையிடம் சொன்னோம். ஆபீஸில் கணக்கு எழுதுகிற மலையாளிக் கிராணி ஒருவர்தான் எங்களுக்கும் துரைக்கும் நடுவில். நல்ல தமிழ் பேசுவார், அதிகம் பேசினால் கொஞ்சம் பாட்டு மாதிரி இருக்கும். டெலிபோன் கம்பியும் அறுந்து கிடந்ததால், துரை போலீஸ் கொட்டகைக்குப் போய் அங்கிருந்த வயர்லஸில் பேசினார். கிராணி ஐயா வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"ஹெலிகாப்டர் வரும்" என்றார்.

எங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் காட்டுக்கு மேலே தூரத்தில் பார்த்திருந்தார்கள். லயத்தில் அதற்குத் தட்டான் என்று பேர். அது பறப்பதில்லை, மேலேயிருந்து யாரோ கயிற்றில் தொங்க விட்டிருக்கிறார்கள் என்று வாதாடியவரும் உண்டு.

"எங்கய்யா வந்து எறங்கும்? வாசல்லயா?" என்று ஒருவர் கேட்டார்.

அதுதான் கேள்வி. சுற்றிலும் ரப்பர் மரம். வானம் என்பது எங்களுக்கு மரத்துக்கு நடுவில் தெரிகிற துண்டு துண்டுதான். முழு வானம் தெரிந்த ஒரே இடம் பந்து விளையாடுகிற திடல். கிராணி வயர்லஸில் கேட்டு எழுதாமல் மனதிலேயே போட்டுக்கொண்டு வந்ததைச் சொன்னார். திடலில் கம்பம் எதுவும் நிற்கக் கூடாது. ஆடு மாடு இருக்கக் கூடாது. நடுவில் இங்கிலீஷ் எச் எழுத்து மாதிரி பெரிதாக வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். மேலேயிருந்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்.

கம்பம் என்றதும் எல்லோரும் கோல் போஸ்ட்டைப் பார்த்தோம். விளையாட்டுப் பையன்கள் ரம்பத்தோடு போய் நாலு கம்பத்தையும் அடியோடு அறுத்தார்கள். "கோல்கீப்பருக்காக கோலையே எடுக்கறோம்டா" என்றான் ஒருவன். ஒருத்தன் சிரித்தான், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

துணி என்றதும்தான் தகராறு. யாரோ ஓடிப் போய் நாலைந்து வேட்டிகளைக் கொண்டு வந்தார்கள். அண்ணி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். அந்த வேட்டிகளைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"விரிக்கம்மா. அடையாளத்துக்கு."

"எம் புருசன் போற வழியில வெள்ளைத் துணி விரிக்கிறீங்களா?"

தமிழர்கள் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது வழியில் வெள்ளை விரிப்பது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைக்கு வெள்ளை எப்போது வருகிறது என்பதும் தெரியும். அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கிராணி ஐயாதான் திருதிருவென்று விழித்தார்.

"அம்மா, அது ஆர்டராக்கும். வெள்ளைன்னாத்தான் மேலேயிருந்து தெரியும்."

"ஆர்டர் போட்டவருக்குப் பொண்டாட்டி இருக்காளா? இருந்தா அவள வந்து விரிக்கச் சொல்லுங்க ஐயா. நான் உசுரோட இருக்கிற மனுசனுக்கு விரிக்க மாட்டேன்."

உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து தன் கூரைப்புடவையைக் கொண்டு வந்தார். நல்ல அரக்குச் சிவப்பு. "இதை விரிங்க. இதுவும் தெரியும்." அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்களும் தங்கள் சிவப்புப் புடவைகளைக் கொண்டு வந்தார்கள். கிராணி கையை விரித்துவிட்டார். திடல் நடுவில் எச் எழுத்தைக் கல்யாணப் புடவைகளால் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வெயில் ஏறுகிற நேரத்தில் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ விடாமல் பாய் தட்டுகிற மாதிரி. அப்புறம் மரங்களுக்கு மேலே அது வந்தது. கண்ணாடி மண்டை, ஒல்லி வால். தட்டான் என்று பேர் வைத்தவன் கெட்டிக்காரன். திடலை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. கொஞ்சம் தாழ்ந்து வந்தது, திடீரென்று வாலைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறி வந்த வழியே போய்விட்டது.

அண்ணி அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள்ளேயிருந்து அண்ணன் முனகுவது கேட்டது.

கிராணி போலீஸ் கொட்டகைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "சிவப்புப் போட்டா எறங்காதே, ஆபத்துன்னு அர்த்தமாம். அதுவும் இந்தக் காலத்துல, காட்டோரத்துல, சிவப்பு! யாரு சிவப்புக்கொடி விரிச்சதுன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லுவேன், கல்யாணப் புடவைன்னா?"

"அப்படியே சொல்லுங்க" என்றார் அண்ணி. குரல் உடைந்திருந்தது. ஆனால் பிடி விடவில்லை.

மலாக்காவில் எண்ணெய் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வருவார்கள், இந்தத் தடவை வெள்ளை இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்று கிராணி சொன்னார். டிரெசர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். வயிறு கல் மாதிரி ஆகிவிட்டதாம்.

அப்போதுதான் ஒரு பெண் சொன்னாள்: "வெள்ளையிலயும் மங்களம் இருக்கே. கோலம் போடலாமே." எல்லோருக்கும் அது பிடித்துப்போனது, அண்ணிக்கும்தான். வீட்டு வீட்டுக்கு ஓடினார்கள். அரிசி மாவு எங்கே இருக்கிறது? இருந்ததெல்லாம் அடுத்த அளவு வரைக்கும் கஞ்சிக்கே பத்தாது. கூட்டிச் சேர்த்த மாவில் ஒரு வாசலுக்குப் போடலாம், ஆகாயத்துக்குத் தெரிகிற மாதிரி போட முடியாது. திடலுக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பும் மழையில் கட்டியாகிக் கிடந்தது.

கிராணி ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "வெள்ளையா இருக்கணும்னுதானே சொன்னாங்க அம்மா! துணியாத்தான் இருக்கணும்னு இல்லையே! வேற என்னவாவது இருக்கா இந்தத் தோட்டத்துல வெள்ளையா?"

அண்ணி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் சட்டையெல்லாம் ஸ்டோர் வேலையின் பால்கறை.

"ஷீட்ட கொண்டாங்க தம்பி" என்றார். "இன்னிக்கு உருட்டினது. புகைக்குப் போகாதது. அதுக்கு ஒரு தோஷமும் இல்ல. அவரும் நானும் வெட்டுன பாலுதானே."

ரப்பர் ஷீட்டைப் புகை போட்ட பிறகு பார்த்தவர்களுக்கு அது தேன் நிறம். உருட்டின அன்று பார்க்க வேண்டும், இட்லித் துணியிலிருந்து எடுத்த மாதிரி வெள்ளை. நாங்கள் ஸ்டோருக்கு ஓடினோம். தொங்கிக்கொண்டிருந்த ஈர ஷீட்டுகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தோம். அது தோட்டத்துச் சரக்காயிற்றே, துரை என்ன சொல்லுவாரோ என்று கிராணி பின்னாலேயே தவித்துக்கொண்டு வந்தார். துரை திடலுக்கு வந்து பார்த்தார். அவரும் போய் இரண்டு ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். புளித்த தண்ணீர் அவர் காலுறை வரைக்கும் வழிந்தது. "இன்னிக்குத்தான் தொரைக்கு நம்ம வாடை வந்துச்சு" என்றார் ஒரு பால்வெட்டுக்காரர்.

புடவைகளை எடுத்துவிட்டு ஷீட்டால் போட்ட எச் எழுத்து முடிவதற்குள் மறுபடி பாய் தட்டுகிற சத்தம் வந்துவிட்டது. இந்தத் தடவை சுற்றவில்லை. நேராக வந்தது, நின்றது, அப்படியே அந்தரத்தில் யோசிக்கிற மாதிரி கொஞ்சம் ஆடிவிட்டு இறங்கியது. வந்த காற்றில் சருகெல்லாம் எழுந்து ஓடியது. கோழிகள் லயத்துக்கு அடியில் புகுந்தன. வேட்டி கட்டியிருந்தவர்கள் வேட்டியைப் பிடிப்பதா, கண்ணை மூடுவதா என்று தெரியாமல் திண்டாடினார்கள். ஷீட்டுகள் மட்டும் புல்லோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஓர் ஓரம்கூட எழும்பவில்லை.

இறங்கி வந்த வெள்ளைக்காரர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். குனிந்து ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார். குதிகாலால் அழுத்திப் பார்த்தார். சிரித்துக்கொண்டே துரையிடம் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று எல்லோரும் கேட்டோம்.

கிராணி அண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "துணியை விரிச்சு நல்லா முளை அடிக்காம விட்டா, இந்தக் காத்துல எழும்பி மேல இருக்கிற எறக்கையில சுத்திக்குமாம். இது நல்ல ஐடியாவாம்."

நாங்கள் வேட்டிக்கு முளை அடித்திருப்போமா? எனக்கு இன்றைக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அண்ணி கிராணியை ஒரு பார்வை பார்த்தார். கிராணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நோயாளியைப் படுக்க வைக்கப் பிரம்பில் பின்னின நீளக் கூடை ஒன்றை எடுத்தார்கள். அதைப் பார்த்து அண்ணி மறுபடியும் என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயம். அண்ணனே காப்பாற்றினார். கூடையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே, "என்னடா, செர்காம் கடல் மீன் மாதிரி பசாருக்கு அனுப்பறீங்களா?" என்றார். அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

அண்ணியும் ஏறப்போனார். வெள்ளைக்காரர் கையைக் குறுக்கே காட்டினார். ஒருவர்தான் போகலாம். வெயில் ஏறிவிட்டால் காற்று இளகிவிடும், இளகின காற்றில் பாரத்தைத் தூக்க முடியாது என்று கிராணி மொழிபெயர்த்தார். காற்று இளகுமா? அது என்ன வெல்லமா? அதற்கப்புறம் எத்தனையோ நாள் லயத்தில் இதே பேச்சு. நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் அண்ணிக்கு அது வீம்பாகத்தான் தெரிந்தது. தட்டான் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மேலே போனதும், அவர் திடலிலேயே ஷீட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள்தான் பாலத்துக்குப் பலகை போட்டார்கள். போலீஸ் காவலோடு போன லோரியில் நானும் அண்ணியும் ஏறினோம். வேலி வாசலில் சோதனை. அண்ணி மூட்டையில் சோறு இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார்கள். மண் ஒட்டின கூரைப்புடவை மட்டும் இருந்தது. வழியெல்லாம் அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், திரும்பத் திரும்ப: "தம்பி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரா?"

"பறந்து போனவரு அண்ணி. நம்ம கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போயிருப்பாரு."

மலாக்கா டவுனில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு முஸ்லிம் வியாபாரி கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆள் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நேத்து ஒங்க பக்கத்துலேருந்துதானே தம்பி ஆகாயத்துல ஒருத்தரைக் கொண்டாந்தாங்க? அல்லா! கடலோரத் திடல்ல, பாடாங்குல எறங்குச்சு பாருங்க, ஊரே அங்கதான். கடையெல்லாம் தொறந்தபடி கெடக்கு. மாட்டுவண்டி, திரிஷா, பஸ்ஸு, எல்லாம் ரோட்டுலயே நிறுத்திட்டு ஓடுறான். ஆம்புலன்ஸ் வண்டி உள்ள வர எடமில்ல. அப்புறம் நாங்கதான் நாலு பேரு கத்திக் கத்தி வழி விட்டோம். பாடாங்குலேருந்து ஆஸ்பத்திரி எத்தனை தூரம்? வந்து சேர அத்தனை நேரம்!"

அண்ணி குடித்துக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

இதை மாப்பிள்ளையிடம் காரில் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ஜாமே ஹெலிகாப்டர் பாக்க வந்ததா மாமா?" ஆமாம் என்றேன். காட்டையும் எரிந்த பாலத்தையும் தாண்டி வந்தது, வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் மாட்டிக்கொண்டது. இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் கூரை மேலேயே இறக்குகிறார்களாம், மாப்பிள்ளை சொன்னார். அப்படியென்றால் சரி. ஆனால் இந்தப் பக்கம், இந்தக் கார்களுக்கு நடுவில் கிடக்கிறவரை எந்தத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போவது? பேசிக்கொண்டே இருந்தோம். ஒரு மலாய்க்காரப் பையன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, ஒவ்வொரு கார் கண்ணாடியாகத் தட்டித் தட்டி ஓரம் கட்ட வைத்தான். ஆம்புலன்ஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. மாப்பிள்ளைக்கு இதில் எது பிராக்டிக்கல் என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்கும்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எங்களை ஒரு நீள வார்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் அண்ணி அப்படியே நின்றுவிட்டார். சுவர் வெள்ளை, திரை வெள்ளை, தாதி உடுப்பு வெள்ளை. கடைசிக் கட்டிலில் அண்ணன். கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி போர்த்தி, கண் மூடி, வாய் கொஞ்சம் திறந்து.

அவ்வளவு தூரம் போராடிவிட்டு வந்து, கடைசியில் எல்லாமே வெள்ளை. அண்ணியின் கை என் தோளை இறுக்கியது. அப்புறம் அந்தத் துணி ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

"மூச்சு வருது அண்ணி. பாருங்க, மூச்சு வருது."

அண்ணி விடுவிடுவென்று நடந்து போனார். போர்வையை அப்படியே உருவித் தரையில் போட்டார். மூட்டையைப் பிரித்துக் கூரைப்புடவையை உதறி அண்ணன் மேலே போர்த்தினார். திடல் மண் கட்டிலெல்லாம் கொட்டியது.

ஒரு தமிழ்த் தாதி ஓடி வந்தாள். "ஏம்மா, என்ன செய்யுறீங்க! நேத்துத்தான் ஆபரேசன் பண்ணியிருக்கு! இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா வெடிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அழுக்கெல்லாம் போடக் கூடாது!"

"பொழச்சிட்டாரா?"

"பொழச்சிட்டாரும்மா. அதுக்காக இந்தப் புடவைய…"

"வெள்ளைதான் போர்த்தணும்னா நான் இங்கயே நிக்கிறேன், என்னைத் தாண்டிப் போடுங்க."

தாதி வாயைத் திறந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். போய் எங்கிருந்தோ ஒரு கறுப்புப் போர்வையைக் கொண்டு வந்தாள், பட்டாளத்துப் போர்வை. "இது சரியாம்மா?" புடவையை எடுத்து மடித்து அண்ணன் தலைமாட்டில் வைத்தாள்.

அந்தச் சத்தத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. என்ன கேட்கப் போகிறார் என்று குனிந்தோம்.

"கோல் போஸ்ட்ட திரும்ப நட்டானுங்களா?"

"மொதல்ல நீங்க எந்திரிச்சு நில்லுங்க" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்புறம் நடட்டும்."